செடி தளதளவென்று இருக்கிறது, பூ மட்டும் கொட்டிப்போகிறது. வீட்டில் மிளகாய் வளர்த்துப் பறிப்பது எப்படி?

விதை போட்டு மூன்று மாதம் ஆகிறது, செடி முழங்காலுக்கு மேல் வளர்ந்துவிட்டது, பூக்கிற பூவெல்லாம் இரண்டு நாளில் காம்போடு உதிர்கிறது, யூரியா வைத்தும் பலனில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் வேலையாக அந்த யூரியாவை நிறுத்துங்கள். தழைச்சத்து கூடினால் மிளகாய்ச் செடி இலையாகவே விட்டுக்கொண்டிருக்கும், காய் பிடிக்காது. மீதியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நான் இருப்பது ரங்கூனில், அடுக்குமாடி வீடு, மேல்தளத்தில் பதினேழு தொட்டி மிளகாய் வைத்திருக்கிறேன்.

எங்கள் அப்பத்தா கமுதிப் பக்கத்திலிருந்து வந்தவர். அவர் வாயில் எப்போதும் இருந்த சொல் 'ஆடிப்பட்டம் தேடி விதை'. ஊருக்குப் போய்வந்த சித்தப்பா ஒருமுறை முண்டு வற்றல் ஒரு பொட்டலம் கொண்டுவந்தார். ராமநாதபுரத்துக் கரிசலில் விளையும் அந்த உருண்டை மிளகாய்தான், 2023இல் புவிசார் குறியீடு வாங்கியது. அதை உடைத்து விதை எடுத்து, அப்பத்தா சொல்லுக்குக் கட்டுப்பட்டு ஆடியில் போட்டேன். முளைத்தது. நான்கு இலை விடுவதற்குள் தண்டு அடியில் நூல் மாதிரி மெலிந்து ஒவ்வொன்றாகச் சாய்ந்தது. மறுவருஷமும் ஆடியில்தான் போட்டேன், அதே கதி.

பிழை அப்பத்தாவிடம் இல்லை. அந்தச் சொல் பிறந்த ஊரில் ஆடியில் மழை குறைவு, பெருமழை ஐப்பசியில்தான் வரும். இங்கே தலைகீழ். வைகாசியில் பிடிக்கிற மழை ஐப்பசி வரை விடாது, ஆடியில்தான் உச்சம். சென்னையில் வருஷத்துக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் பெய்கிறது என்றால் ரங்கூனில் 2,500க்கு மேல். மிளகாய் வேருக்கு ஈரம் வேண்டும், ஆனால் காற்றும் வேண்டும். மண் சொதசொதவென்று கிடந்தால் பூஞ்சணம் பிடித்து நாற்று அழுகும். நாற்றழுகல் என்பது அதுதான். பிழைத்து வந்தாலும் காயில் கறுப்பு வட்டம் விழுந்து அழுகிப்போகும்.

அதனால் நான் இப்போது ஐப்பசி முதல் வாரத்தில் விதைக்கிறேன். முதலில் தாழ்வாரத்துக்கு உள்ளே, மழைத் தூறல் படாத இடத்தில் ஒரு தட்டு. எட்டுப் பத்து நாளில் முளைக்கும். ஆறு இலை வந்ததும், அதாவது கார்த்திகை இரண்டாம் வாரத்தில், தொட்டிக்கு மாற்றுவேன். மார்கழிக் குளிரில் பூவெடுக்கும். தை கடைசியில் பச்சை மிளகாய், மாசியில் பழம். நீங்கள் எந்த ஊரில் இருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. எங்கே இருந்தாலும் பஞ்சாங்கத்தைப் பார்ப்பதற்கு முன்னால் உங்கள் ஊர் மழையைப் பாருங்கள். பூ வரும் காலம் பகலில் அதிக வெயிலும் இரவில் புழுக்கமும் இல்லாத காலமாக அமையவேண்டும், அவ்வளவுதான் கணக்கு.

இங்கேதான் உங்கள் பூ உதிர்கிற விஷயம் வருகிறது. பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் தணியாமல் இருந்தால் மகரந்தம் சரியாக வேலை செய்யாது, பூ கொட்டிவிடும். ரங்கூனில் பங்குனி, சித்திரையில் எங்கள் செடிகளும் அப்படித்தான். சித்திரையில் இங்கே நடக்கும் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா நெருங்கும்போது தொட்டியைச் சுற்றி வெள்ளைப் பூவாகக் கிடக்கும். அப்போது உரம் போட்டு அதை வதைக்கக் கூடாது. மதியத்துக்கு மேல் நிழல் விழுகிற மாதிரி ஒரு பழைய வேட்டியைக் கட்டிவிட்டு, காலையில் ஒழுங்காகத் தண்ணீர் ஊற்றினால் போதும். கரண்ட் இல்லாத நாளில் மோட்டார் ஓடாது, தண்ணீர் ஏறாது. அதற்காக அரிசி கழுவின தண்ணீரை வாளியில் பிடித்து வைத்துவிடுவேன். ஒரு நாள் காயவிட்டு மறுநாள் குளம் கட்டுவதுதான் பூவுக்குப் பெரிய எதிரி.

வெயில் காரணமில்லை என்றால் இலையைத் திருப்பிப் பாருங்கள். ஓரங்கள் மேல்நோக்கிப் படகு மாதிரி மடிந்திருந்தால் இலைப்பேன். கீழ்நோக்கிக் கவிழ்ந்து, இலை கெட்டியாக இருந்தால் சிலந்திப்பேன். சிலந்திப்பேன் கண்ணுக்கே தெரியாது, செல்போன் கேமராவைப் பெரிதாக்கினாலும் புள்ளிதான் தெரியும். இரண்டும் குருத்திலும் மொட்டிலும் சாறு உறிஞ்சும். ஒரு லிட்டர் தண்ணீரில் ஐந்து மில்லி வேப்பெண்ணெய், எண்ணெய் தண்ணீரோடு கலப்பதற்குச் சில துளி சோப்புக் கரைசல், சாயங்காலம் இலையின் அடிப்பக்கம் நனைய நனையத் தெளியுங்கள். வாரம் ஒருமுறை, மூன்று வாரம். சிலந்திப்பேனுக்கு நனையும் கந்தகம் (தண்ணீரில் கலந்து தெளிக்கிற கந்தகத் தூள்) இன்னும் நன்றாகக் கேட்கும், ஆனால் வெயில் நேரத்தில் அடித்தால் இலை கருகும். செடியே குட்டையாகிக் கொத்துக் கொத்தாகச் சுருங்கிவிட்டால் அது வெள்ளை ஈ கொண்டுவந்த நச்சுயிரி. மனசு வராதுதான், பிடுங்கிப் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் பக்கத்துத் தொட்டிக்கும் போகும்.

மண் பற்றி நீளமாக ஒன்றுமில்லை. ஒரு பங்கு மண், ஒரு பங்கு மக்கின சாணம், ஒரு பங்கு உமிச்சாம்பலும் உமியும். அரிசி விளைகிற நாட்டில் உமிக்குப் பஞ்சமில்லை. பெயின்ட் வாளி போதும், அடியில் ஐந்தாறு ஓட்டை கட்டாயம். பூக்க ஆரம்பித்ததும் கடலைப் பிண்ணாக்கை மூன்று நாள் ஊறவைத்து, பத்து மடங்கு தண்ணீர் கலந்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஊற்றுவேன்.

மிளகாய்ப் பூ தன் மகரந்தத்திலேயே காய் பிடிக்கும். ஆனால் மேல்மாடியில் காற்றும் தேனீயும் இல்லாத நாள் உண்டு. காலை எட்டு ஒன்பது மணிக்குப் பூங்கொத்துக்குக் கீழே கிளையை விரலால் இரண்டு தட்டு தட்டினால் போதும்.

இனி பறிப்பது. முதலில் பிடிக்கிற நான்கைந்து காயைப் பச்சையிலேயே எடுத்துவிடுங்கள், செடி சுறுசுறுப்பாக அடுத்த பூவுக்குப் போகும். பச்சைக் காய் பதமாகிவிட்டதா என்பதை நிறத்தைவிட விரல் நன்றாகச் சொல்லும். பிஞ்சு மிளகாய் அமுக்கினால் மெத்தென்று இருக்கும். முற்றினது விறைப்பாக, தோல் பளபளவென்று, காம்பை ஒட்டிய தொப்பி இறுகிப் பிடித்திருக்கும். பூத்து ஏறக்குறைய ஒரு மாதத்தில் அந்தப் பதம் வரும். பழமாக இன்னும் மூன்று வாரம். காயைப் பிடித்துக் கீழே இழுக்காதீர்கள், கிளை கண்ணாடி மாதிரி உடையும். ஒரு கையால் கிளையைப் பிடித்துக்கொண்டு, காம்பு கணுவில் சேருகிற இடத்தில் பெருவிரலை வைத்து மேல்நோக்கித் தூக்கினால் 'டக்'கென்று காம்போடு வரும். காம்பு பிய்ந்து காயம்பட்ட மிளகாய் சீக்கிரம் அழுகும். பனி காய்ந்த பிறகு பறியுங்கள். ஈரத்தோடு கூடையில் போட்டால் அழுகல் தொற்றும்.

பழுத்ததும் கொண்டைக்குருவி வந்துவிடும். பறவைக்கு மிளகாயின் காரம் உறைக்காது. தின்றுவிட்டு விதையை முழுசாக எச்சத்தில் போட்டுப் போகும். காட்டில் மிளகாய் பரவியதே அப்படித்தான். வலை கட்டினால் நமக்கும் மிஞ்சும்.

பர்மியர்கள் மிளகாயை 'ஙயோத்தி' என்பார்கள், மிளகை 'ஙயோக் கவுங்'. கவுங் என்றால் நல்லது. நாம் மிளகிலிருந்து மிளகாய் என்று பெயர் வைத்த மாதிரியே அவர்களும் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிறார்கள். கடல் கடந்து அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த காய்க்கு இரண்டு மொழியும் ஒரே யோசனையில் பெயர் கொடுத்திருப்பதை நினைத்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். இன்னொரு குட்டி மிளகாய்க்கு 'கலா ஓ' என்று பெயர், இந்தியனையே கத்தவைக்கும் என்று அர்த்தம். இந்தியரைக் குறிக்கிற அந்தக் 'கலா' என்ற அழைப்புச் சொல் எனக்குப் பிடிக்காது. ஆனாலும் ஙப்பிக்கு (புளிக்கவைத்த மீன், இறால் விழுது) தொட்டுக்கொள்ள அதற்கு ஈடில்லை, மூன்று தொட்டியில் அதுதான் நிற்கிறது.

வற்றல் போடுவதாக இருந்தால் முழுப் பழத்தை மட்டும் எடுங்கள். ஒரு ராத்திரி சாக்கில் குவித்து வைத்தால் நிறம் ஒன்றுபோல ஏறும். அப்புறம் ஐந்தாறு நாள் நல்ல வெயில், ராத்திரியில் உள்ளே. குலுக்கினால் விதை கலகலவென்று கேட்கவேண்டும். அரைக்காய்ச்சலில் டப்பாவில் அடைத்தால் பூஞ்சணம் பிடிக்கும், பூஞ்சணம் பிடித்ததைத் துடைத்துவிட்டுச் சமைக்காதீர்கள். போன மாசியில் ஒரு வீசைக்குக் கொஞ்சம் கூடவே பழம் கிடைத்தது (இங்கே இன்னும் வீசைக் கணக்குதான், 1.63 கிலோ). காய்ந்தபின் அது நானூறு கிராம்கூடத் தேறவில்லை, அதனால் தொட்டித் தோட்டத்தில் பெரிய வற்றல் கனவு வேண்டாம். மோர் மிளகாய்க்குப் பச்சையிலேயே எடுத்து, கீறி, உப்புப் போட்ட மோரில் ஊறவைத்துக் காயவையுங்கள். காரம் குறையவேண்டும் என்றால் உள்ளே விதை ஒட்டியிருக்கிற வெள்ளை நரம்பை நீக்குங்கள். காரம் விதையில் இல்லை, அந்த நரம்பில்தான் ஊறுகிறது. கை எரிந்தால் வெறும் தண்ணீரில் கழுவிப் பயனில்லை. எண்ணெய் தடவித் துடைத்துவிட்டுச் சோப்புப் போடுங்கள்.

அறுவடை ஓய்ந்ததும் செடியைத் தூக்கிப் போடவேண்டாம். மிளகாய் ஒரு வருஷச் செடி இல்லை. சித்திரை கடைசியில் பாதிக்கு வெட்டி, மழைக்கு முன்னால் தாழ்வாரத்துக்குள் இழுத்துவிடுவேன். எல்லாம் பிழைக்காது. பிழைத்தவை அடுத்த கார்த்திகையில் நாற்றுகளுக்கு முன்னாலேயே பூக்கும்.

விதைக்கு நோயில்லாத செடியில், இரண்டாம் மூன்றாம் பறிப்பில், செடியிலேயே பழுத்துத் தோல் லேசாகச் சுருங்கின பழம். பக்கத்தில் வேறு மிளகாய் இருந்தால் தேனீ கலப்புச் செய்துவிடும். காய் மாறாது, அந்த விதையில் வரும் செடிதான் மாறும். அதனால் என் முண்டுச் செடி இரண்டுக்கு மட்டும், மொட்டுவிடும்போதே கொசுவலைத் துணியில் பை தைத்துக் கட்டிவிடுகிறேன். அந்தப் பையைத்தான் மாசியில் முதலில் அவிழ்ப்பது. இந்த வருஷம் ஒன்றில் ஒன்பது பழம், மற்றதில் ஆறு. விதையை நிழலில் உலர்த்தி, சாம்பலில் புரட்டி, அப்பத்தாவின் பழைய வெற்றிலைப் பெட்டியில் வைத்திருக்கிறேன், ஐப்பசிக்கு.