கேளுங்கள், சொல்கிறோம்: மலைப்பாதையில் வீடியோ

நடந்துகொண்டே எடுத்த வீடியோவைப் பார்த்தால் வீட்டில் எல்லோருக்கும் தலை சுற்றுகிறது. ஜிம்பல் வாங்கினால் சரியாகிவிடுமா?
– வாசகர், நாகர்கோவில்

ஆகாது. போன் ஜிம்பல், அதாவது போனை ஆடாமல் பிடிக்கும் மோட்டார் கைப்பிடி, சரிசெய்வது சாய்வையும் திருப்பத்தையும்தான். அடி எடுத்து வைக்கும்போது உடம்பு மேலும் கீழும் குதிக்கிறதே, அது அப்படியே பதிவாகும். அதைத் தவிர்க்க முழங்காலை லேசாக மடக்கிப் பூனை நடை நடக்க வேண்டும். முதுகில் 12 கிலோ, காலடியில் வேரும் வழுக்குப் பாறையும். இந்த நிலையில் பூனை நடை நடந்தால் வீடியோ தேறுவதற்குள் மூட்டு போய்விடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். உங்கள் வீடியோ புல்வெளியில் பரவாயில்லாமலும் சோலைக்காட்டுக்குள் மோசமாகவும் இருக்கிறதா? காரணம் இருட்டு. வெளிச்சம் குறைந்தால் போன் தானாகவே ஷட்டரை, அதாவது ஒவ்வொரு ஃபிரேமும் ஒளி வாங்கும் நேரத்தை, 1/30 நொடி வரை நீட்டிவிடும். ஒவ்வொரு ஃபிரேமிலும் அசைவு இழுபட்டுப் பதியும். போனுக்குள் இருக்கும் ஸ்டெபிலைசேஷன் காட்சியை அசையாமல் நிறுத்துமே தவிர, அந்த இழுப்பை அழிக்காது. அதனால் படம் நிலையாக நின்றபடியே ஒவ்வொரு அடிக்கும் ஒருமுறை கலங்கிக் கலங்கித் தெளியும். தலைசுற்றலுக்கு இதுவே போதும். மேனுவல் வசதியுள்ள கேமரா ஆப்பில் ஷட்டரை 1/120-இல் பூட்டிவிட்டு ஐஎஸ்ஓவை, அதாவது வெளிச்சத்துக்கான உணர்திறனை, ஏறவிடுங்கள். கொஞ்சம் புள்ளி தட்டும். அதைக் கண் பொறுத்துக்கொள்ளும்.

அதைவிட நல்லது நின்று எடுப்பது. முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டு, பதிவை ஆரம்பித்து, மனதுக்குள் பத்து எண்ணுங்கள். கேமராவைப் பக்கவாட்டில் திருப்புவதாக இருந்தால், ஒரு மரம் திரையின் இந்த ஓரத்தில் நுழைந்து அந்த ஓரத்தில் வெளியேற ஏழு நொடியாவது ஆகட்டும். பெரும்பாலானவர்கள் இரண்டு நொடியில் மலையையே சுழற்றிவிடுகிறார்கள்.

எங்கள் குழுவில் கேமரா பிடிப்பது நான் ஒருவன்தான். எந்த வீடியோவிலும் நான் இல்லை. நானும் நடந்து போவதுபோல் எப்படி எடுப்பது?
– வாசகர், திருப்பூர்

கேமராவைப் பாறையில் வைத்துவிட்டு 40 மீட்டர் நடக்கிறீர்கள். அதை எடுக்கத் திரும்பி வருகிறீர்கள். மறுபடி அதே 40 மீட்டர். ஆக, ஒரு காட்சிக்கு 80 மீட்டர் கூடுதல் நடை. ஒரு நாளைக்கு எட்டுக் காட்சி என்றால் 640 மீட்டர், அதுவும் ஏற்றத்தில். பையை இறக்கி ஏற்றுவது, கோணம் பார்ப்பது எல்லாம் சேர்த்தால் காட்சிக்கு ஐந்து நிமிடம். எட்டுக்கு 40 நிமிடம் போய்விடும். இருட்டுவதற்குள் முகாம் போய்ச் சேர வேண்டிய குழுவில் இது சண்டையில்தான் முடியும்.

நாளுக்கு இரண்டோ மூன்றோ போதும். அவற்றையும் குழு எப்படியும் நிற்கும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: ஓடையைக் கடக்குமிடம், சாப்பாட்டு நிறுத்தம், முகடு. இல்லையென்றால் கோணத்தை நீங்களே பார்த்து, ஃபோகஸைப் பூட்டி, போனைக் கூட வருபவர் கையில் கொடுத்து, "இப்படியே பிடி, ஆட்டாதே, ஜூம் பண்ணாதே" என்று சொல்லிவிடுங்கள். மூன்றாவதுதான் முக்கியம்.

காற்று இரைச்சலில் பேசுவது ஒன்றும் கேட்பதில்லை. எடிட்டிங்கில் நீக்க முடியுமா?
– வாசகி, தேனி

பெரும்பாலும் முடியாது, அம்மா. காற்று மைக்கின் துளையில் மோதிச் சுழலும்போது உண்டாகிற அழுத்தம் பேச்சைவிடப் பல மடங்கு பலமானது. ஒலி உச்சத்தைத் தொட்டு வெட்டுப்பட்டுவிட்டால், அந்த இடத்தில் உங்கள் குரல் பதிவாகியே இருக்காது. இல்லாததை எந்த மென்பொருள் மீட்கும்? வெட்டுப்படாத லேசான உறுமலாக இருந்தால் மட்டும், 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள கனத்த ஒலியை வெட்டிப் பாருங்கள், ஓரளவு தேறும்.

எனவே மலையிலேயே தடுக்க வேண்டும். மைக்கோடு வரும் கறுப்பு ஸ்பாஞ்சு ஃபேன் காற்றுக்குத்தான் ஆகும். முகட்டுக் காற்றுக்கு நீளமுடி உறை வேண்டும். முடிகள் காற்றின் வேகத்தை உடைத்து, மைக்கைச் சுற்றி அசையாத காற்றை நிறுத்தி வைக்கின்றன. முடி நனைந்து ஒட்டிக்கொண்டால் அந்தப் பலன் போய்விடும், உதறிக் காய வையுங்கள்.

உறை இல்லையா? மருந்துக்கடையில் கிடைக்கும் மைக்ரோபோர் டேப்பைப் பசைப்பக்கம் வெளியே இருக்கும்படி சின்ன வளையமாகச் சுருட்டி, சட்டை மைக்கைச் சட்டையின் உட்புறம், நெஞ்செலும்புக்கு மேல் ஒட்டுங்கள். பருத்திச் சட்டை நல்லது. ரெயின்கோட்டுக்குள் வைத்தால் கை அசையும்போதெல்லாம் சரசரவென்று கேட்கும். பையின் மார்புப் பட்டை மைக்கின் மேல் உரசுகிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பதியும்போது ஒலி அளவுகோல் மைனஸ் 12 டெசிபல் அருகே நிற்கட்டும், பூஜ்யம்தான் உச்சம். இருமினால் மேலே போக அப்போதுதான் இடம் இருக்கும்.

வெறும் போன்தான் என்றால் காற்றுக்கு முதுகு காட்டி நின்று பேசுங்கள். அருவியாக இருந்தால் பெரிய பாறை ஒன்றின் மறைவுக்குப் போய்விடுங்கள். ஏறிய மூச்சிரைப்போடு பேசாமல் இரண்டு நிமிடம் உட்கார்ந்து, தண்ணீர் குடித்த பிறகு பேசுங்கள்.

இன்னொரு வேலையும் உண்டு. ஒவ்வொரு இடத்திலும் யாரும் பேசாமல், போனைப் பாறையில் வைத்து, ஒரு நிமிடம் அந்த இடத்தின் சத்தத்தை மட்டும் பதியுங்கள். ஓடை, சில்வண்டு, இரவில் அடுப்பு. காற்று பாழாக்கிய காட்சிக்கு அடியில் இந்த ஒலியைப் போட்டால் பார்ப்பவருக்கு வித்தியாசமே தெரியாது. பாட்டு போட்டு மூடுவதைவிட எவ்வளவோ மேல்.

ஜனவரியில் உத்தராகண்டில் கேதார்காந்தா போகிறோம். ஐந்து நாள் மின்சாரம் இருக்காது என்கிறார்கள். 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் என் 5,000 எம்ஏஎச் போனை நான்கு முறை ஏற்றும்தானே?
– வாசகர், கோயம்புத்தூர்

இரண்டரை முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 20,000 என்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு, 74 வாட்-அவர். அதை 5 வோல்ட்டாக உயர்த்தி, கேபிள் வழியே அனுப்பி, போன் அதை மறுபடி இறக்கிக்கொள்வதற்குள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வெப்பமாகப் போய்விடும். விமானத்தில் இதைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும். பெரியதாக வாங்க நினைத்தால், 100 வாட்-அவருக்கு மேல் போனால் விமான நிறுவனத்தின் ஒப்புதல் தேவை என்பதை நினைவில் வையுங்கள்.

சுமார் 3,800 மீட்டர் உயர உச்சிக்கு விடியும் முன்பே கிளம்புவீர்கள்; பூஜ்யத்துக்குக் கீழே இருக்கும். குளிரில் பேட்டரியின் உள் எதிர்ப்பு கூடி, வோல்டேஜ் சட்டென்று சரியும். 30 சதவீதம் காட்டிக்கொண்டிருந்த போன் அணைந்துபோகும். சார்ஜ் எங்கும் ஓடிவிடவில்லை, உடம்போடு ஒட்டிய பையில் பதினைந்து நிமிடம் வைத்தால் பெரும்பாலும் திரும்பி வரும். பகலில் போனும் உபரி பேட்டரிகளும் உள்சட்டைப் பையில், இரவில் ஸ்லீப்பிங் பேக்கின் உள்ளே.

ஆனால் ஐஸ்போல இருக்கும் போனைச் சார்ஜில் போடாதீர்கள். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் லித்தியம் உலோகமாகவே படிந்து பேட்டரி நிரந்தரமாகக் கெடும். முதலில் சூடாக்குங்கள், பிறகு ஏற்றுங்கள். சிக்னல் இல்லாத இடத்தில் ஏரோப்பிளேன் மோடு கட்டாயம். டவரைத் தேடித் தேடியே பாதி பேட்டரி தீரும்.

கையுறையோடு திரை வேலை செய்யாது. பல போன்களில் கேமரா திறந்திருக்கும்போது வால்யூம் பொத்தானே பதிவைத் தொடங்கும். ஊரிலேயே கையுறை போட்டுப் பழகிவிடுங்கள்.

வால்பாறைப் பக்கம் மழைக்காலத்தில் எடுத்ததெல்லாம் பால் ஊற்றியதுபோல் வெளுத்திருக்கிறது.
– வாசகி, பொள்ளாச்சி

லென்ஸில் ஆவி படிந்திருக்கிறது, அல்லது வியர்வைச் சட்டையால் துடைத்திருக்கிறீர்கள். இரண்டாவதுதான் அதிகம் நடப்பது. நீர் போகும், எண்ணெய்ப் படலம் தங்கும். கண்ணாடி துடைக்கும் மைக்ரோஃபைபர் துணி மூன்று எடுத்து, தனித்தனி ஜிப் கவரில் வையுங்கள். குளிர்ந்த கேமராவைச் சூடான அறைக்கோ சமையல் கூடாரத்துக்கோ கொண்டுபோகுமுன் கவரில் போட்டு மூடி, அரை மணி நேரம் கழித்துத் திறந்தால் ஈரம் கவரின் வெளியே படியும். அட்டைப்பூச்சியை விரட்ட உப்புத் தொட்ட கையால் சார்ஜிங் துளையைத் தொடாதீர்கள், அரித்துவிடும். நனைந்த போனை அரிசியில் புதைப்பதும் வேண்டாம். மாவுதான் உள்ளே போகும்.

250 கிராமுக்குக் குறைவான டிரோனுக்கு உரிமம் வேண்டாமாமே? காட்டில் பறக்கவிடலாமா?
– வாசகர், சேலம்

2021 டிரோன் விதிகளில் நானோ வகைக்கு விமானி உரிமம் தேவையில்லை என்பது உண்மை. அது காட்டுக்கான அனுமதி ஆகாது. புலிகள் காப்பகத்திலும் சரணாலயத்திலும் வனத்துறை ஒப்புதல் இல்லாமல் பறக்கவிட்டால் டிரோனும் போகும், வழக்கும் வரும். யானைக்கு அந்த ரீங்காரம் தேனீக்கூட்டம் மாதிரி. எடை குறைந்தால் சத்தம் இல்லாமல் போய்விடாது.

தனியாகப் பதிந்த ஒலியைப் போன் வீடியோவோடு சேர்த்தால் ஆரம்பத்தில் சரியாக இருக்கிறது, பத்து நிமிடத்தில் உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம்.
– வாசகர், திண்டுக்கல்

போன் நொடிக்கு 30 ஃபிரேம் என்று சொல்லிக்கொண்டு வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் தகுந்தபடி 28, 29 என்று மாற்றி மாற்றிப் பதியும். எடிட்டிங் மென்பொருள் எல்லாம் சீராக 30 என்று நம்பிக் கணக்குப் போடுகிறது. ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்து, வீடியோ பிரிவில் 30 தேர்ந்தெடுத்து, மாறாத ஃபிரேம் வேகம் என்பதை அழுத்தி, தர எண்ணை 18-இல் வைத்து மாற்றிக்கொண்ட பிறகு எடிட்டிங்கைத் தொடங்குங்கள். அடுத்த முறை ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் கேமரா முன் ஒருமுறை கைதட்டுங்கள். இரண்டு ஒலிக்கோடுகளிலும் ஊசிபோல் ஒரு முனை நிற்கும், அவற்றை ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் போதும்.