ஹவுஸ் சர்ஜன்களும் ஸ்டாஃப் நர்ஸ்களும் ஒத்துப்போக என்ன செய்யலாம்?

"எங்கள் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் ஹவுஸ் சர்ஜன்களுக்கும் ஸ்டாஃப் நர்ஸ்களுக்கும் தினம் ஒரு வாக்குவாதம். ஒருநாள் பயிலரங்கு வைத்தால் சரியாகுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஆகாது. எம்.பி.பி.எஸ். படிப்பின் கடைசியில் பயிற்சி டாக்டராக இருக்கும் ஹவுஸ் சர்ஜனுக்கு, பொது மருத்துவத்தில் போஸ்டிங் 6 வாரம்தான். சிஸ்டருக்கு அவர் பெயர் பழகுவதற்குள் அடுத்த பேட்ச் வந்துவிடும். ஆள் மாறினாலும் மாறாத பழக்கங்கள் வார்டில் இருக்க வேண்டும்.

போஸ்டிங்கின் முதல் நாள், இன்சார்ஜ் சிஸ்டர் அரை மணி நேரம் ஒதுக்கிப் புது ஹவுஸ் சர்ஜன்களுக்கு வார்டைச் சுற்றிக் காட்டட்டும். எமர்ஜென்சி டிராலியில் எது எந்தத் தட்டில், கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பேக் எங்கே, எந்த மருந்து ஸ்டாக்கில் இல்லை என்று. இல்லாத மருந்தை எழுதிவிட்டுப் போவதில்தான் பல சண்டைகள் தொடங்குகின்றன. இன்சுலினை இருவரும் சேர்ந்தே பார்க்க வேண்டும். நம்மூரில் ஒரு மி.லி.யில் 40 யூனிட் உள்ள வயலும் உண்டு, 100 யூனிட் உள்ள வயலும் உண்டு. 40-க்கான சிவப்பு மூடி சிரிஞ்சில் 100 வயலிலிருந்து எடுத்தால் இரண்டரை மடங்கு டோஸ் போய்விடும். 10-க்குப் பக்கத்தில் ஆங்கில 'யு'வை மட்டும் கிறுக்கினால் அது பூஜ்யமாகத் தெரிந்து 100 ஆகிவிடும். 'யூனிட்' என்று முழுதாக எழுதச் சொல்லுங்கள்.

வாய்மொழி ஆர்டர் அவசரத்துக்கு மட்டும். அப்போதும் மருந்து, அளவு, வழி மூன்றையும் சிஸ்டர் திருப்பிச் சொல்லி, டாக்டர் 'ஆமாம்' என்ற பிறகே கொடுக்க வேண்டும். "பொட்டாசியம் போட்டுடுங்க சிஸ்டர்" என்பது ஆர்டரே இல்லை. பொட்டாசியம் குளோரைடு 10 மி.லி. ஆம்பியூல் ஒன்று, அதாவது 20 மில்லி ஈக்விவலென்ட், 500 மி.லி. நார்மல் சலைனில் கலந்து, 2 மணி நேரத்துக்குக் குறையாமல் ஏற்றவும் என்று இருந்தால்தான் ஆர்டர். கலக்காமல் நேரே ரத்தக்குழாயில் போனால் இதயம் நின்றுவிடும். வார்டை விட்டுப் போகும்முன் கேஸ் ஷீட்டில் எழுதிக் கையெழுத்திடாத டாக்டரை, "எழுதிட்டுப் போங்க சார்" என்று நிறுத்தும் உரிமை சிஸ்டருக்கு இருக்க வேண்டும்.

போனில் அழைப்பதற்கும் ஒழுங்கு தேவை. "டாக்டர், 12-ஆம் பெட் சரியில்ல, வாங்க" என்றால், ஓ.பி.யில் இருப்பவருக்கு அவசரம் புரியாது. "12-ஆம் பெட், நிமோனியா, ரெண்டாம் நாள். மூச்சு நிமிஷத்துக்கு 28, ஆக்சிஜன் 88, பி.பி. 90/60. ஆக்சிஜன் வெச்சிருக்கேன். செப்சிஸ் மாதிரி இருக்கு. உடனே வாங்க, அதுவரைக்கும் என்ன செய்யட்டும்?" இப்படிச் சொன்னால் புரியும். நிலை, பின்னணி, கணிப்பு (இங்கே செப்சிஸ், அதாவது தொற்றால் உடல் முழுதும் பாதிக்கப்படும் ஆபத்து நிலை), கோரிக்கை என நான்கும் இதில் உண்டு. இந்த முறை அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து மருத்துவத்துக்கு வந்தது.

ஹவுஸ் சர்ஜன் 10 நிமிடத்தில் வராவிட்டால் பி.ஜி.க்கு (மேல்படிப்பு படிக்கும் டாக்டர்), அவரும் கிடைக்காவிட்டால் உதவிப் பேராசிரியருக்கு போன் செய்யட்டும். இந்த வரிசையைத் துறைத்தலைவர் கையெழுத்தோடு, போன் எண்களோடு சுவரில் ஒட்டுங்கள். இல்லையென்றால், மேலே அழைத்த சிஸ்டரிடம் மறுநாள் "என்மேல கம்ப்ளெய்ன்ட் பண்ணிட்டீங்களா?" என்றுதான் கேட்பார்கள்.

'டாக்டருக்கு நர்ஸ் பாடம் எடுப்பதா' என்று சிலர் பின்னூட்டமிடுவார்கள். மருந்தை முடிவு செய்யும் பொறுப்பு டாக்டருடையதுதான், அதை யாரும் பிடுங்கவில்லை. ஆனால் நாள் முழுக்க நோயாளி பக்கத்தில் இருப்பவர் சொல்வதைக் கேட்காமல் எடுக்கும் முடிவு அரைகுறை முடிவு. ரவுண்ட்ஸில் அந்தந்த பெட்டைப் பார்க்கும் சிஸ்டரும் நிற்க வேண்டும் என்பது இதனால்தான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும். போதனா மருத்துவமனைப் பொது வார்டில் 3 நோயாளிக்கு ஒரு செவிலியர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல். ஆனால் இரவு டியூட்டியில் ஒரே சிஸ்டர் முழு வார்டையும் பார்க்கிறார். ரத்த சாம்பிளை லேபுக்குக் கொண்டுபோக ஆள் இல்லாததால் ஹவுஸ் சர்ஜன் ஓடுகிறார். அந்த நேரத்தில் நோயாளிக்கு மூச்சு வாங்கினால், இவர் லேப் வாசலில் நிற்பார், அவர் போனில் கத்திக்கொண்டிருப்பார். பயிலரங்குக்கு முன்னால், இரவு டியூட்டிக்கு ஓர் அட்டெண்டரைக் கேட்டு வாங்குங்கள்.