சித்தியும் ஊபர் சித்தப்பாவும்

கேள்வி: அமெரிக்காவில் எளியவர்களின் பக்கம் நிற்பவர்கள் ஜனநாயகக் கட்சியினர்தான். நம் துளசேந்திரபுரத்துப் பேத்தி கமலா ஹாரிஸும் நின்றார். இருந்தும் 2024ல் தொழிலாளர் பலர் டிரம்புக்கு வாக்களித்தார்களே, நன்றி கெட்டவர்களா? அல்லது பெரும் நிறுவனங்களின் சூழ்ச்சியா?
– வாசகர், ஈசூன், சிங்கப்பூர்

பதில்: நிற்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். தியாகராய நகர்த் துணிக்கடைகளில் காலையிலிருந்து இரவு வரை நின்ற பெண்கள். செருப்பிலிருந்து ஒரு காலை உருவி மற்றக் கணுக்காலில் தேய்த்துக்கொள்வார்கள்; வாடிக்கையாளர் திரும்பினால் கால் செருப்புக்குள் போய்விடும். சேலை விரிக்கும் மேடையில் சற்றே சாய்ந்தாலும் மேற்பார்வையாளர் முறைப்பார். கோழிக்கோட்டுக் கடைப்பெண்கள் சங்கம் வைத்துப் போராடிய பிறகே, 2018ல் கேரளத்தில் ஊழியர்களுக்கு இருக்கை கட்டாயமானது. 2021ல் தமிழ்நாடும் சட்டத்தைத் திருத்தியது. ஒரு பெண் உட்காருவதற்குச் சட்டசபை கூட வேண்டியிருந்தது! அந்தப் பெண்களின் ‘பக்கம் நின்றவர்கள்’ அதற்கு முன்பும் ஏராளம். நாற்காலிதான் வரவில்லை.

நாற்காலி என்றதும் நம் ஊர் இலக்கியக் கூட்டங்களைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இதை எழுதும்போதெல்லாம் சிலர் சந்தாவை நிறுத்துகிறார்கள், நிறுத்தட்டும். முன்வரிசையில் வெள்ளை உறை போட்ட நாற்காலிகளில் ‘ஆதரவாளர்’ என்று தாள் ஒட்டியிருக்கும். ஆதரவாளர் பொன்னாடையை வாங்கிக்கொண்டு தேநீருக்கு முன்பே புறப்பட்டுவிடுவார். நாற்காலி காலியாகக் கிடக்க, கவிதை வாசிக்க வந்த பிள்ளை சுவரோரம் நிற்கும். ‘போய் அதில் உட்கார், அம்மா’ என்று ஒரு பிள்ளையை அனுப்பியதற்காக ஒரு செயலாளர் இன்றுவரை என்னுடன் பேசுவதில்லை. அன்றைய தலைப்பு, விளிம்புநிலை மக்களும் இலக்கியமும்.

சரி, அமெரிக்கா. 2008ல் ஒபாமாவின் தேர்தல் பிரசாரத்தை நடத்திய டேவிட் பிளஃப் 2014ல் செயலிவழி வாடகைக் கார் நிறுவனமான ஊபரில் சேர்ந்தார். ஒபாமாவின் நீதித்துறையில் மூன்றாம் இடத்தில் இருந்த டோனி வெஸ்ட் பிறகு ஊபரின் தலைமைச் சட்ட அதிகாரியானார். ஓட்டுநர்கள் தன் ஊழியர்களே அல்லர் என்று கலிஃபோர்னியா வாக்காளர்களைச் சொல்ல வைக்க, 2020ல் நடந்த பொது வாக்கெடுப்பில் ஊபரும் அதன் சகபாடி நிறுவனங்களும் 20 கோடி டாலருக்கு மேல் கொட்டின, வென்றன. பேத்தி அதை எதிர்த்தார் என்பது உண்மை. ஆனால் டோனி வெஸ்ட் யார்? பேத்தியின் தங்கை மாயாவின் கணவர்!

2020 கட்சி மாநாட்டில் கமலா ‘சித்தி’ என்று ஒரு சொல் சொன்னதற்குத் நம் தேக்கா வட்டாரம் முழுக்கப் புல்லரித்தது. அவர் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சித்தப்பா முறையாகும் மனிதரைப் பற்றி யாரும் மூச்சுவிடவில்லை. சித்தப்பாவை எதிர்த்துப் பேசலாம். அவர் இல்லாமல் வீட்டில் விசேஷம் நடக்குமா? 2024ல் சித்தப்பா ஊபரில் விடுப்பு எடுத்துக்கொண்டு பிரசாரத்துக்கு வந்தார். பிளஃப்பும் ஆலோசகராக வந்துசேர்ந்தார். பந்தியில் இலை போடாதது கார் ஓட்டுகிறவருக்கு மட்டும்தான்.

அமெரிக்கக் கூட்டரசின் குறைந்தபட்ச ஊதியம் 2009லிருந்து மணிக்கு 7.25 டாலர். அதை 15 டாலராக்கும் யோசனை 2021 மார்ச்சில் செனட்டுக்கு வந்தபோது, ஜனநாயகக் கட்சித் தரப்பிலேயே 8 பேர் எதிர்த்தார்கள். அவர்களில் அரிசோனாவின் கிர்ஸ்டன் சினமா, முழங்காலை லேசாக மடக்கிக் கட்டைவிரலைக் கீழ்நோக்கிக் காட்டினார். நன்றி பற்றிக் கேட்டீர்களே, 7.25 டாலருக்கு எவ்வளவு வரும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

டிரம்ப் மட்டும் யோக்கியரா என்று அடுத்த கடிதம் எழுத வேண்டாம். 2025 ஜனவரியில் அவர் பதவியேற்றபோது, அமைச்சராகப் போகிறவர்களுக்கும் முன்னால் இடம் பிடித்தவர்கள் பெரும் நிறுவனத் தலைகளான பெசோஸ், ஸக்கர்பர்க், மஸ்க், மதுரையில் பிறந்த நம் சுந்தர் பிச்சை. அந்த விழா நிதிக்கு ஊபர் 10 லட்சம் டாலர் தந்தது; அதன் தலைமை நிர்வாகி தம் பங்குக்கு இன்னொரு 10 லட்சம். எல்லாம் நேரலையில் நடக்கிறது, இதில் சூழ்ச்சிக்கு என்ன அவசியம்?

ஊபர் இங்கே சிங்கப்பூருக்கும் 2013ல் வந்தது. 2018ல் போட்டி நிறுவனமான கிராப்பிடம் வியாபாரத்தை விற்றுவிட்டு, கிராப்பிலேயே 27.5 விழுக்காட்டுப் பங்கை வாங்கிக்கொண்டு போனது. போட்டியைக் குலைத்ததற்காக இரண்டுக்கும் சேர்த்து 1.3 கோடி வெள்ளி அபராதம். செயலிவழி கார் ஓட்டுபவர்களுக்கும் உணவு கொண்டுபோய்க் கொடுப்பவர்களுக்கும் வேலைக்காய இழப்பீடும் மத்திய சேமநிதியும் சட்டப்படி கிடைக்க 2025 ஜனவரி 1 ஆகிவிட்டது. 1995லும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்குச் சேமநிதிச் சந்தா உயர்வு கட்டாயம். அதற்கு முன் பிறந்தவர்கள் விரும்பினால் சேரலாம். சேர்ந்தால் விலக முடியாது. ஈசூனில் உங்கள் புளோக்கில் அப்படி யாராவது இருந்தால் இதைச் சொல்லுங்கள்.