பிஸ்கட் சத்தத்துக்கு ஓடி வருகிறான், கூப்பிட்டால் திரும்புவதில்லை

அன்புள்ள மேடம்,

எனக்கு வயது 28. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. கணவர் டையிங்கில் இருக்கிறார், மாதத்தில் பாதி நாள் நைட் ஷிப்ட். எங்கள் மகனுக்கு மூன்றேகால் வயது. அம்மா, தா, பாலுக்கு ‘பா’, வண்டிக்கு ‘ன்டி’ என்று எண்ணிப் பார்த்தால் பத்துப் பன்னிரண்டு சொல்தான் தேறும். பக்கத்து வீட்டில் அவன் வயசுப் பாப்பா ஒன்று, “அக்கா, உங்க பையன் ஏன் பேச மாட்டேங்கறான்?” என்று என்னிடமே கேட்கிறாள்.

மற்றபடி சூட்டிகையான பையன். வேண்டியதை விரலால் காட்டுவான். வானத்தில் ஏரோப்ளேன் போனால் என் தாடையைப் பிடித்துத் திருப்பி அதைக் காட்டுவான். டம்ளரையும் தட்டையும் வைத்துக் காய்கறிக் கடை நடத்துவான். ஆனால் பின்னாலிருந்து கூப்பிட்டால் பல நேரம் திரும்புவதே இல்லை. பிஸ்கட் பாக்கெட் பிரிக்கிற சத்தத்துக்கு மட்டும் ஓடி வருகிறான். “காதெல்லாம் நல்லாத்தான் கேக்குது, அழுத்தம்” என்பார் அத்தை. அடிக்கடி சளி பிடிக்கும். வாயைத் திறந்து குறட்டை விட்டுத்தான் தூங்குவான். போன மழைக்காலத்தில் இரண்டு முறை காதில் சீழ் வந்தது. அத்தை பூண்டு தட்டிப் போட்டு எண்ணெய் காய்ச்சி ஊற்றினார், நின்றுவிட்டது.

ஜூனில் ஒரு பிளே ஸ்கூலில் சேர்த்தோம். இரண்டு மாதத்தில், “பேச ஆரம்பிச்சதும் கூட்டிட்டு வாங்க. வீட்டுல தமிழை விட்டுட்டு இங்கிலீஷ்லயே பேசுங்க, ரெண்டு பாஷையில குழம்பிட்டான்” என்றார்கள். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் வாஷ்கேர் லேபிளில் இருப்பதுதான்.

மாமனாரே நாலு வயசில்தான் வாயைத் திறந்தாராம், அப்புறம் மில்லில் யூனியன் லீடரே ஆனாராம். அதனால் ஐந்து வயது வரை பொறு என்கிறார் கணவர். நாத்தனாரோ, “ஆட்டிசமா இருக்கப் போகுது” என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. அவனுக்கு ஒன்றரை வயதாகும்போது நான் வேலைக்குத் திரும்பினேன். அதிலிருந்து போன்தான் அவனுக்கு ஆயா. சோறு ஊட்டுவதும் போனைக் காட்டித்தான். நானே அவனைக் கெடுத்துவிட்டேனா? வீட்டுக்குத் தெரியாமல் டாக்டரிடம் காட்டிவிடலாமா என்றுகூட யோசிக்கிறேன்.

பெயர் வேண்டாம், திருப்பூர்

*

அன்புள்ள சகோதரிக்கு,

ஐந்து வயது வரை பொறுக்க வேண்டாம். இந்த மாதமே போங்கள். முதலில் காதைக் காட்டுங்கள்.

இரண்டு வயதில் ஒரு குழந்தை சுமார் 50 சொல் சொல்லி, ‘அம்மா வா’ என்று இரண்டைச் சேர்க்கவும் தொடங்கியிருக்கும். மூன்று வயதில் சின்னச் சின்ன வாக்கியம் வரும். உங்கள் மகன் பின்தங்கியிருக்கிறான், அதில் சந்தேகம் இல்லை. மாமனார் கதை உண்மையாகவே இருக்கலாம். தாமதமாகப் பேசி எல்லோரையும் எட்டிப்பிடித்த குழந்தைகள் நிறைய உண்டு. ஆனால் எந்தக் குழந்தை அப்படித் தானாக எட்டிப்பிடிக்கும் என்று முன்கூட்டி யாராலும் சொல்ல முடியாது. எட்டிப்பிடிக்காமல் போனவர்களைப் பற்றி எந்த வீட்டிலும் யாரும் கதை சொல்வதில்லை.

ஏரோப்ளேன் விஷயத்தை நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். நான் அதை இரண்டு தடவை படித்தேன். ஏரோப்ளேனை எடுத்துத் தரச் சொல்லி அவன் காட்டவில்லை. ‘அம்மா, நீயும் பாரேன்’ என்கிறான், அவ்வளவுதான். ஆட்டிசம் என்று சந்தேகம் வந்தால் நாங்கள் முதலில் விசாரிப்பவற்றில் இதுவும், அந்தக் காய்கறிக் கடை மாதிரி பாவனை விளையாட்டும் உண்டு. இரண்டும் அவனிடம் இருப்பது நல்ல சேதி. கடிதத்தை வைத்து ‘இல்லவே இல்லை’ என்று நான் எழுதித் தர முடியாது, நேரில் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அதேபோல் நாத்தனாரும் வாசலில் நின்றபடி ‘இருக்கிறது’ என்று சொல்லிவிட முடியாது.

என்னை உறுத்துவது சளியும் சீழும் குறட்டையும்தான். மூக்குக்குப் பின்னால் அடினாய்டு என்று ஒரு சதை உண்டு. அது வீங்கினால் குழந்தை வாயால் மூச்சு விடும். நடுக்காதுக்குக் காற்று போகிற வழியும் அடைபட்டு, செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்துக்கொள்ளும். அப்போது குழந்தைக்குச் சத்தம் கேட்கும், ஆனால் தண்ணீருக்குள் தலையை முக்கிக்கொண்டு கேட்பது போலக் கேட்கும். பிஸ்கட் கவரின் சரசரப்பு தெரியும், ‘பல்’லுக்கும் ‘கல்’லுக்கும் வித்தியாசம் தெரியாது. ஒரு வாரம் நன்றாகக் கேட்கும், அடுத்த வாரம் மந்தமாகும். அதனால்தான் வீட்டில் அழுத்தக்காரன் என்று பெயர் வாங்குகிறார்கள். இவனுக்கு இதுதான் என்று நான் சொல்லவில்லை, ஆனால் இதைப் பார்க்காமல் வேறு எதற்குள்ளும் போகக் கூடாது. பிறந்தபோது காது டெஸ்டில் தேறியிருந்தாலும் இது பின்னால் வரக்கூடியது. அந்த எண்ணெயை மட்டும் இனி ஊற்றவே வேண்டாம். சீழ் வந்த காதின் செவிப்பறையில் ஓட்டை இருக்கலாம்.

டெஸ்டுகள் வலிக்காது. செவிப்பறை அசைகிறதா என்று பார்க்க டிம்பனோமெட்ரி, உள்காது வேலை செய்கிறதா என்று பார்க்க ஓ.ஏ.இ. தேவைப்பட்டால், சத்தம் காது நரம்பு வழியாக மூளைக்குப் போகிறதா என்று தூங்க வைத்துப் பார்க்கிற பெரா. நீர் இருந்தால் பலருக்கு இரண்டு மூன்று மாதத்தில் தானாக வடிந்துவிடும். வடியாவிட்டால் அதற்கும் வைத்தியம் உண்டு.

தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் 2013 முதல் மாவட்டங்களில் ‘மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையம்’ நடத்துகிறார்கள். இவ்வளவு நீளமாகக் கேட்டால் யாருக்கும் புரியாது. அரசுத் தலைமை மருத்துவமனையிலோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ போய் “டி.இ.ஐ.சி. எங்கே?” என்று கேளுங்கள். குழந்தை மருத்துவர், காது பரிசோதனை, பேச்சுப் பயிற்சி, உளவியலாளர் எல்லாம் இலவசம். தனியாரிடம் போனால், பேச்சுப் பயிற்சி தருபவருக்கு ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் இருக்கிறதா என்று கேளுங்கள், அதில் கூச்சப்பட எதுவும் இல்லை. முப்பது நாளில் பேச வைப்பதாக விளம்பரம் செய்கிறவர்களிடம் போகாதீர்கள். காது சரியாக இருந்தால் பேச்சும் வளர்ச்சியும் பார்ப்பார்கள். என்ன பிரச்சினை என்று பெயர் வைக்கும்வரை பயிற்சிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

தமிழை விடச் சொன்னது எனக்கு உண்மையிலேயே கோபம் வந்த இடம். இரண்டு மொழி கேட்பதால் எந்தக் குழந்தைக்கும் பேச்சு தடைபடாது. உங்களுக்குச் சரளமாக வராத மொழியில் பேசினால் நீங்கள் பேசுவதே பாதியாகக் குறையும், அவனுக்குக் காதில் விழுவதும் குறையும். அவன் மற்ற பிள்ளைகளோடு இருக்கவும் வேண்டும். பக்கத்து அங்கன்வாடியில் விடுங்கள், 2 வயதிலிருந்தே சேர்த்துக்கொள்வார்கள்.

போன் விஷயம். நடுக்காதில் நீர் கோப்பது போனால் அல்ல, அந்தக் குற்றத்தை உங்கள் தலையில் போட்டுக்கொள்ள வேண்டாம். ஆனால் போன் ஓடுகிற நேரமெல்லாம் யாரும் அவனோடு பேசாத நேரம். 2 முதல் 4 வயதுக்குத் திரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. ஒரேயடியாகப் பிடுங்கினால் வீடு ரணகளமாகும். சாப்பாட்டு நேரத்தில் மட்டும் முதலில் நிறுத்துங்கள். இரண்டு மூன்று நாள் குறைவாகச் சாப்பிடுவான், பரவாயில்லை.

“சொல்லு, பால்னு சொன்னாத்தான் தருவேன்” என்று நிறுத்தி வைக்காதீர்கள். அவன் ‘பா’ என்றால், அவன் உயரத்துக்குக் குனிந்து, முகம் பார்த்து, “பால் வேணுமா? சூடான பால்” என்று கொடுத்துவிடுங்கள். நீங்கள் ஒன்று சொன்ன பிறகு மனசுக்குள் பத்து எண்ணுங்கள். அந்த இடைவெளியில்தான் குழந்தை வாயைத் திறக்கும். நம் வீடுகளில் அந்தப் பத்தை யாரும் எண்ணுவதில்லை.

இதற்கு அத்தையைவிட நல்ல ஆள் கிடைக்கமாட்டார். உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, சோறு ஊட்டி, கை வழியாக நண்டு ஊரவிடும் விளையாட்டை அவரையே தினமும் ஆடச் சொல்லுங்கள். நண்டு அக்குளுக்குப் போவதற்கு முன்னால் சட்டென்று நிறுத்தி அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். ‘ம்’ என்றோ ‘வா’ என்றோ அவன் ஏதாவது கேட்ட பிறகுதான் நண்டு நகரும். பேச்சுப் பயிற்சியாளர்களும் இதைத்தான் வேறு பெயரில் செய்கிறார்கள்.

வீட்டுக்குத் தெரியாமல் போக வேண்டாம். இது ஒரு தடவையோடு முடியாது, இரண்டாம் தடவையே மாட்டிக்கொள்வீர்கள். கணவரிடம் “பேச்சு வரலை” என்று ஆரம்பித்தால் மறுபடி மாமனார் கதைதான் வரும். “ரெண்டு தடவை சீழ் வந்திருக்கு, காதை ஒரு தடவை காட்டிடலாம்” என்று சொல்லுங்கள். அது பொய்யும் இல்லை. நைட் ஷிப்ட் வாரமாகப் பார்த்து, காலையில் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

போவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. அவன் சொல்கிற அந்தப் பத்துப் பன்னிரண்டு சொல்லையும் அவன் சொல்கிற மாதிரியே, ன்டியை ன்டி என்றே, ஒரு தாளில் எழுதுங்கள். எப்போது முதலில் சொன்னான், முன்பு சொல்லிக்கொண்டிருந்து இப்போது விட்டுப்போன சொல் ஏதாவது உண்டா என்பதையும் பக்கத்தில் குறியுங்கள். டாக்டர் கேட்கும்போது பதற்றத்தில் எதுவும் ஞாபகம் வராது.