குழந்தைப் பல் மருத்துவர்கள் மாறிக்கொண்டே இருக்கும் விதிமுறைகளை எப்படித் தெரிந்துகொள்கிறார்கள்?

கேள்வி: குழந்தைப் பல் மருத்துவத்தில் கொள்கைகளும் சிகிச்சை முறைகளும் அடிக்கடி மாறுகின்றன. வேலைக்கு நடுவே இதையெல்லாம் எப்படிப் பின்தொடர்வது?

பதில்:

நீங்கள் முதுகலை முடித்து நாலைந்து வருடம் ஆகியிருக்கும் என்று நினைக்கிறேன். படிக்கும் காலத்தில் இந்தக் கேள்வியே வராது. பேராசிரியர் சொல்வார், சீனியர் சொல்வார், வாராவாரம் யாராவது ஒரு புதுக் கட்டுரையை வாசித்துக் காட்டுவார்கள். கிளினிக் என்று வந்துவிட்டால் சொல்ல ஆள் கிடையாது. காலையில் முதல் குழந்தையின் அழுகையோடு ஆரம்பித்தால் இரவுதான் நிமிர முடியும். நீங்கள் அந்த நிலையில் இருப்பதாக வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இருபது வருடமாகக் குழந்தைகளுக்கு மட்டுமே பல் பார்க்கிறேன். இது எனக்கு வலிக்கிற இடம் என்பதால் கொஞ்சம் நீளும்.

பல் வந்த குழந்தைக்கு இரண்டு வயது வரை ஃபுளூரைடு பற்பசை வேண்டாம் என்பதுதான் நான் படித்தபோது சொல்லித்தந்த பாடம். குழந்தைக்குத் துப்பத் தெரியாது, விழுங்கிவிடும், பின்னால் வரும் நிலைப்பற்களில் வெள்ளைத் திட்டுகள் விழும் என்ற பயம். 2014இல் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் இதை மாற்றியது. முதல் பல் முளைத்ததிலிருந்தே ஃபுளூரைடு பற்பசை, மூன்று வயது வரை அரிசி அளவு, மூன்றிலிருந்து ஆறு வரை பட்டாணி அளவு என்றது. அவ்வளவு சிறிய அளவை விழுங்கினாலும் திட்டு வரும் ஆபத்து குறைவு. சொத்தையோ இரண்டு வயதுக்குக் காத்திருப்பதில்லை. நியாயமான மாற்றம். வந்த உடனேயே படித்தேன். அதைப் பற்றி நடந்த ஒரு வகுப்பிலும் உட்கார்ந்தேன். என் முன்னால் உட்கார்ந்த ஒவ்வொரு தாயிடமும் புது அளவைத்தான் சொன்னேன். ஆகவே, நான் படிக்காமல் இருந்துவிட்டேன் என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம்.

ஆனால் ரிசப்ஷன் மேசையில் ஒரு தாள் இருந்தது. கிளினிக் ஆரம்பித்தபோது நானே எழுதி அச்சடித்தது. 'முதல் பல் வந்துவிட்டதா?' என்று தலைப்பு. மூன்றாவது வரியில் 'இரண்டு வயது வரை தண்ணீரோ ஃபுளூரைடு இல்லாத பற்பசையோ போதும்' என்று இருந்தது. அதை நான் மறந்தே போயிருந்தேன். கட்டுக்கட்டாக அச்சடித்ததால் தீரவும் இல்லை.

2016இல் ஒரு தாய் ஆறு மாதக் குழந்தையோடு வந்திருக்கிறார். கீழே இரண்டு பல் முளைத்திருந்தது. அன்று விளையாட்டில் அடிபட்டு நிலைப்பல் பிடுங்கி விழுந்துவிட்ட ஒரு பையனை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நிலைப்பல் விழுந்தால் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு, எழுந்து வர முடியவில்லை. என் உதவியாளர் அந்தத் தாயிடம் தாளைக் கொடுத்து, ஒரு வயது ஆனதும் கூட்டிவரச் சொல்லி அனுப்பிவிட்டார். அவர் செய்தது சரிதான். அவருக்குத் தெரிந்தது அந்தத் தாள்தான்.

2018இல் அவர்கள் திரும்பி வந்தபோது குழந்தைக்கு இரண்டரை வயது. மேல் முன்பற்கள் நான்கும் ஈறை ஒட்டிப் பழுப்பாகி, தொட்டால் மாவாக இருந்தன. கீழ்க் கடைவாயில் இரண்டு பக்கமும் குழி. நான் வழக்கம்போல, "பல் தேய்ச்சு விடுறீங்களா?" என்று கேட்டேன். அந்தத் தாயின் முகம் சிவந்துவிட்டது. "ரெண்டு வேளையும் தேய்ச்சேன் டாக்டர். நீங்க சொன்ன மாதிரியேதான் தேய்ச்சேன்" என்று சொல்லிவிட்டு, தடுப்பூசி அட்டைக்குள் மடித்து வைத்திருந்த தாளை எடுத்து நீட்டினார். மூன்றாவது வரியின் கீழ் பேனாவால் கோடு போட்டிருந்தார். தாளின் அடியில் என் பெயர்.

தவறு என்னுடையது என்று அப்போதே சொன்னேன். வேறு என்ன சொல்வது?

இரவில் பாட்டில் பால் குடித்திருக்கும், அதுவும் காரணம் இல்லையா என்று சிலர் கேட்பீர்கள். குடித்தது, காரணம்தான். ஒரே ஒரு வரியால் வந்த சொத்தை என்று நான் சொல்லவில்லை. ஆனால் தடுத்திருக்கக்கூடிய மிக எளிய பொருளை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தது நான். பாட்டிலைக் காட்டி அதிலிருந்து நழுவ எனக்கு விருப்பமில்லை.

முன்பற்களுக்கு 38 சதவீத சில்வர் டயமைன் ஃபுளூரைடு தடவினோம். ஜப்பானில் பல பத்தாண்டுகளாகப் புழக்கத்தில் இருந்த மருந்து. பால்பல் சொத்தையை நிறுத்த அதைப் பயன்படுத்தலாம் என்று அமெரிக்கக் குழந்தைப் பல் மருத்துவ அகாடமி 2017இல்தான் வழிகாட்டுதல் வெளியிட்டது. பெரும்பாலும் சொத்தை நின்றுவிடும், ஆனால் அந்த இடம் நிரந்தரமாகக் கறுத்துவிடும். கறுத்த பல்லின் படத்தைக் காட்டி, சம்மதம் வாங்கிய பிறகே தடவ வேண்டும். கடைவாய்ப் பற்களுக்கு ஹால் முறையில் எஃகுக் கிரவுன் போட்டேன். ஸ்காட்லாந்துப் பல் மருத்துவர் நோர்னா ஹால் தொடங்கிய முறை. ஊசி கிடையாது, சொத்தையைக் குடைவதும் கிடையாது. கிரவுனுக்குள் சிமென்ட்டை நிரப்பி அப்படியே பல் மேல் பொருத்தி, கிருமிக்கு உணவு போகாமல் அடைத்துவிடுவது. நான் மாணவியாக இருந்தபோது சொத்தையை உள்ளே வைத்து மூடியிருந்தால் வகுப்பை விட்டே வெளியே அனுப்பியிருப்பார்கள். ஆக, புதுச் சிகிச்சைகள் எனக்குக் கைவந்திருந்தன. எடுக்காமல் விட்ட ஒரு பழைய வரிக்காக அவற்றை அந்தக் குழந்தையிடம் செய்ய வேண்டியிருந்தது.

அதனால்தான் சொல்கிறேன், புதியதைப் படிப்பது உங்களுக்குப் பிரச்சினையாக இருக்காது. படித்தபின் பழையதை எங்கெங்கே இருந்து எடுக்க வேண்டும் என்பதுதான் வேலை. அது தாளில் இருக்கும், மருந்து அலமாரியில் இருக்கும், கணினியில் சேமித்த பிரிஸ்கிரிப்ஷனில் இருக்கும், போனை எடுக்கிற உதவியாளரின் வாயில் இருக்கும். வகுப்புக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கினால் இதில் ஒன்றும் மாறாது.

இப்போது ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். மாற்றம் ஒன்றைப் படித்தால், என்ன புதிது என்பதை ஒரே வரியில் எழுதிவிட்டு, அதற்குக் கீழே 'எதை நிறுத்த வேண்டும், எங்கே இருக்கிறது, யாரிடம் சொல்ல வேண்டும்' என்று எழுதுவேன். மூன்றும் முடிந்த பிறகுதான் அந்தப் பக்கத்தில் குறுக்குக் கோடு. கிளினிக்கில் இருக்கும் ஒவ்வொரு தாளின் மூலையிலும் தேதி உண்டு. ஒரு வருடம் தாண்டிய தாள் மேசையில் இருக்கக் கூடாது. மறுபடி படித்துப் பார்த்து, சரியாக இருந்தால் புதுத் தேதி.

2021இல் இது கைகொடுத்தது. இதயக் கோளாறு உள்ள சில குழந்தைகளுக்கு, இதயத்தில் தொற்று வராமல் இருக்க, பல் பிடுங்கும் முன் ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். பென்சிலின் ஒவ்வாமை இருந்தால் கிளிண்டாமைசின் என்பது எங்களுக்கெல்லாம் மனப்பாடம். ஒரே ஒரு வேளை மருந்தில்கூடக் கடுமையான குடல் தொற்று வரக்கூடும் என்பதால், இந்தத் தேவைக்கு அது இனி வேண்டாம் என்று அமெரிக்க இதயச் சங்கம் அந்த வருடம் சொன்னது. படித்த அன்றே கணினியைத் திறந்து, சேமித்து வைத்திருந்த பிரிஸ்கிரிப்ஷனை அழித்து அசித்ரோமைசினை ஏற்றினேன். இதைச் செய்யாமல் இருந்திருந்தால், மாற்றம் தெரிந்திருந்தும் ஒரு அவசர மாலையில் என் விரல் பழைய பட்டனைத்தான் அழுத்தியிருக்கும்.

எதைப் படிப்பது என்றும் கேட்பீர்கள். எல்லாவற்றையும் படிக்க முடியாது, வேண்டியதும் இல்லை. அமெரிக்கக் குழந்தைப் பல் மருத்துவ அகாடமியின் கையேடு வருடாவருடம் வருகிறது, இணையத்தில் இலவசம். ஒவ்வொரு கட்டுரையின் தொடக்கத்திலும் கடைசியாகத் திருத்திய வருடம் இருக்கும். இந்த வருடம் திருத்தியவற்றை மட்டும் எடுத்துப் படித்தால் போதும். அதில் 'கொள்கை' ஒன்று, 'சிறந்த நடைமுறை' ஒன்று, 'மருத்துவ வழிகாட்டுதல்' ஒன்று. மூன்றும் ஒரே எடை உடையவை அல்ல. கொள்கை என்பது அமைப்பின் நிலைப்பாடு. வழிகாட்டுதல் என்பது ஆய்வுகளை முறையாகத் திரட்டி எடைபோட்டுச் சொல்வது. இந்த வித்தியாசம் தெரியாமல் "புது ரூல் வந்துவிட்டது" என்று ஓடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அடிபட்ட பற்களுக்கு, பல் காயங்களுக்கான பன்னாட்டுச் சங்கம் 2020இல் திருத்திய வழிகாட்டுதல்களை அச்செடுத்து நாற்காலிக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் தேட முடியாது.

சங்கத்தின் பரிந்துரை வேறு, சட்டம் வேறு என்பதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். 2024இல் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம், பல் எக்ஸ்ரேக்குக் கதிரைத் தடுக்க மாட்டும் ஈய ஏப்ரனும் கழுத்தில் கட்டும் தைராய்டு காலரும் இனித் தேவையில்லை என்றது. இன்றைய கருவிகளில் கதிர் குறைவு, படும் இடமும் குறுகியது. சில சமயம் அந்தக் காலரே படத்தை மறைத்து இரண்டாம் முறை எடுக்க வைக்கிறது. காரணம் சரி. ஆனால் நீங்கள் வேலை பார்க்கும் இடத்தின் கதிரியக்க விதி ஏப்ரன் வேண்டும் என்றால் போடத்தான் வேண்டும். விதி விட்டுக்கொடுத்தாலும், ஏன் போடவில்லை என்று பெற்றோர் கேட்டால் உங்கள் உதவியாளரால் பதில் சொல்ல முடியும் வரை மாற்றாதீர்கள்.

உதவியாளர்கள் பற்றிச் சொல்ல வேண்டும். மாதம் ஒரு நாள் அரை மணி நேரம் கிளினிக்கை மூடிவிட்டு எல்லோரும் உட்காருகிறோம். நான் பேசுவதில்லை. அந்த மாதத்து மாற்றத்தை அவர்களில் ஒருவர் படித்து வந்து சொல்வார். இரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்குப் பல் முளைக்கும் வலிக்காகப் பென்சோகெய்ன் ஜெல் தடவக் கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018இல் எச்சரித்தது. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனையே அது குறைத்துவிடக்கூடும். ஒரு நாள் போனில் ஒரு தந்தை அந்த ஜெல்லின் பெயரைச் சொல்லி, எவ்வளவு தடவலாம் என்று கேட்டார். போனை எடுத்தவர் என்னைக் கேட்காமலேயே, "தடவாதீங்க சார், குழந்தைய கூட்டிட்டு வாங்க" என்றார். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அன்று எனக்கு இருந்த நிம்மதியை எந்தச் சான்றிதழும் தந்ததில்லை.

அரை மணி நேர வருமானம் போகாதா என்பார்கள். போகும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மன்னியுங்கள். இவ்வளவும் செய்யும்போது சக பல் மருத்துவர்களே, "விழப் போற பல்லுக்கு எதுக்கு இவ்வளவு?" என்று கேட்பார்கள். பெற்றோர் கேட்டால் விளக்கலாம், அவர்களுக்குத் தெரியாது. படித்தவர்கள் கேட்கும்போது எனக்கு ஆறுவதே இல்லை. இரண்டாவது பால் கடைவாய்ப்பல் பத்து, பன்னிரண்டு வயது வரை வாயில் இருக்கும். மூன்று வயதில் சொத்தையானால் ஏழெட்டு வருடம் அந்தக் குழந்தை எதை வைத்து மெல்லும்? வேரில் சீழ் கட்டினால் கீழே உருவாகிக்கொண்டிருக்கும் நிலைப்பல்லும் கெடும். இதைச் சொன்னால், குழந்தைப் பல் மருத்துவர்கள் தங்கள் தொழிலுக்காகப் பேசுகிறார்கள் என்கிறார்கள். வலியில் தூங்காத குழந்தையை ஒரு இரவு வைத்துப் பார்த்தவர்கள் அப்படிப் பேச மாட்டார்கள். சரி, விடுகிறேன்.

2018இல் வந்த அந்தக் குழந்தைக்கு முன்பற்கள் விழுந்து நிலைப்பற்கள் சுத்தமாக முளைத்துவிட்டன. அந்தத் தாய் இன்னும் எங்களிடம்தான் வருகிறார். இரண்டாவது குழந்தைக்கு முதல் பல் வந்தபோது என் உதவியாளர் புதுத் தாளை நீட்டினார். அவர் வாங்கி, முதலில் மூலையில் இருந்த தேதியைப் பார்த்தார். அப்புறம் மூன்றாவது வரியைப் படித்தார். படித்து முடித்துத்தான் பைக்குள் வைத்தார்.