எழுத்துல கேள்வி கேட்டா மந்திரி மாட்டுவாரா?

எம்பி எழுத்துல கேள்வி கேட்டு என்ன பிரயோஜனம்னு கேட்டிருக்கீங்க, நிறையவே இருக்கு. லோக்சபால நட்சத்திரக் கேள்வி, அதாவது சபையிலயே வாயால பதில் கேட்கறது, ஒரு நாளைக்கு 20 தான், அதுலயும் நேரம் இருக்கறவரைக்கும் சிலதுக்குத்தான் மந்திரி எழுந்து பதில் சொல்வாரு, ஆனா நட்சத்திரம் இல்லாதது, அதாவது எழுத்துல கேட்கறது, 230 வரைக்கும் போகும், எல்லாத்துக்கும் எழுத்துல பதில் வந்தாகணும், அது ரெக்கார்டு, பின்னாடி மழுப்ப முடியாது.

2020 செப்டம்பர்ல, லாக்டவுன் சமயம் ஊர் திரும்பும்போது எத்தனை தொழிலாளிங்க செத்தாங்கன்னு கேட்டதுக்கு தொழிலாளர் துறை அப்படி டேட்டாவே வச்சுக்கலைன்னு எழுதிக் கொடுத்துச்சு. கணக்கே எடுக்கலைங்கறது அப்பதான் அரசாங்கத்தோட வாயாலயே வெளிய வந்துச்சு.

"தகவல் திரட்டப்படுகிறது"ன்னு இழுத்தா அது வாக்குறுதியா ஆகிடும், 3 மாசத்துல நிறைவேத்தணும், அதைப் பார்க்க தனி கமிட்டியே இருக்கு. ஒரே ஒரு குறை, எழுத்துல பதில் வந்தப்புறம் அதை ஒட்டி சபையில துணைக்கேள்வி கேட்க முடியாது, அதனால வருஷம், மாநிலம், தொகைன்னு பிரிச்சுக் கேட்கற எம்பிக்குத்தான் உருப்படியா பதில் கிடைக்கும்.