அக்காள் தங்கை படம் என்றால் நான் சொல்வது ‘இன் ஹெர் ஷூஸ்’

அக்காள் தங்கை உறவைப் பற்றிச் சிரிக்கவும் வைத்து மனத்தை உறுத்தவும் செய்த, யாரும் பார்க்கக்கூடிய ஒரு படத்தைச் சொல்லுங்கள், ஏன் பிடித்தது என்றும் எழுதுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். ‘பாசமலர்’ (1961) காலத்திலிருந்து அண்ணன் தங்கைக்காக நாம் அழுத அழுகையில் சிறு பங்குகூட அக்காள் தங்கைக்காக அழுததில்லை என்பதால், நான் வெளியிலிருந்து ஒன்றைச் சொல்கிறேன். ஜெனிஃபர் வைனரின் நாவலைத் தழுவி, கர்ட்டிஸ் ஹான்சன் இயக்கி 2005-இல் வெளிவந்த ‘இன் ஹெர் ஷூஸ்’.

அக்காள் ரோஸ் ஃபிலடெல்ஃபியாவில் வழக்கறிஞர்; வேலையே கதியென்று கிடப்பவள். டோனி கோலெட் நடித்திருக்கிறார். கேமரூன் டயஸ் நடித்த தங்கை மேகி எந்த வேலையிலும் நிலைப்பதில்லை, எழுத்துக்கூட்டிப் படிப்பதே அவளுக்குச் சிரமம். ரோஸின் அலமாரி நிறைய விலையுயர்ந்த காலணிகள். அவற்றை அவள் போடுவதில்லை. உடை எடுத்தால் பொருந்தாது, தின்றால் உடம்பு போடும், செருப்பு மட்டும் எப்போதும் சரியாக இருக்கும் என்பது அவள் கணக்கு. அந்தக் காலணிகளைக் கேட்காமல் எடுத்துப் போட்டுக்கொண்டு திரிபவள் மேகி. கடைசியில் அக்காளின் காதலனோடும் அவள் கூடிவிட, ரோஸ் தங்கையை வீட்டைவிட்டே வெளியேற்றிவிடுகிறாள்.

பலரும் இந்தப் படத்தைக் காலணியை வைத்தும் காதலனை வைத்துமே பேசுவார்கள். எனக்குக் கதையின் முடிச்சு வேறிடத்தில் இருப்பதாகத் தோன்றுகிறது. பணம் தேடி அப்பாவின் மேசை இழுப்பறையைக் குடையும் மேகிக்கு, இறந்துபோன தாயின் தாய் பல வருடங்களாகப் பேத்திகளுக்கு அனுப்பிய பிறந்தநாள் வாழ்த்துகள் கட்டாகக் கிடைக்கின்றன. தந்தை அவற்றைக் கொடுக்காமலே மறைத்து வைத்திருக்கிறார். நான் கீழக்கரைக்காரி. எங்கள் ஊர் முஸ்லிம் குடும்பங்களில் பெரும்பாலும் பெண் மாமியார் வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார், வீடும் பெண்ணின் பேருக்கே எழுதி வைக்கப்படுகிறது. ஆண்கள் வளைகுடாவிலும் சென்னையிலும் பிழைப்புப் பார்க்க, பிள்ளைகள் உம்மாவோடும் உம்மாவின் உம்மாவோடும் வளர்கிறார்கள். அப்படி வளர்ந்த எவளுக்கும், காதலனைப் பறிகொடுத்ததைவிடத் தாய்வழிப் பாட்டியே இல்லாதவளாக்கப்பட்டதுதான் இந்தக் கதையின் பெரிய அநியாயமாகப் படும். அந்த இழுப்பறைக் காட்சிக்குப் பிறகு, தங்கை ஏன் இப்படி அலைகிறாள், அக்காள் ஏன் இவ்வளவு இறுகிப்போனாள் என்ற இரண்டுக்கும் எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

இன்னொன்றும் உண்டு. தங்கையை வெளியே போ என்று ராத்தா, அதாவது அக்காள், சொல்வது எங்கள் தெருவில் நடக்காது, ஏனென்றால் கீழ்வீடு அவளுடையது என்றால் மாடி இவளுடையது. எனவே சண்டையை ஒரே கூரையின்கீழ்தான் நடத்தியாக வேண்டும். கல்யாணத்துக்கு இரவல் வாங்கிய கம்மல் திரும்பி வரும்போது ஒரு திருகு குறைந்திருந்தால், அதை வைத்தே மாதக்கணக்கில் பேச்சை நிறுத்தியவர்கள் உண்டு. ஆனால் அந்த நாட்களிலும் தொதல் என்ற இனிப்பைக் கிண்டினால் ஒரு கிண்ணம் மாடியேறிவிடும். கொண்டுபோகும் பிள்ளை “சாச்சி, உம்மா குடுத்துவிட்டாங்க” என்று வாசலிலேயே வைத்துவிட்டு ஓடிவிடும். உடன்பிறந்தவளிடம் கோபிப்பதற்குப் பெரிய காரணம் தேவையில்லை என்பதை இந்தப் படம் அறிந்து வைத்திருக்கிறது, அதன் நகைச்சுவை பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது.

படத்தின் சிறந்த பகுதி, வெளியேற்றப்பட்ட மேகி அந்தப் பாட்டியைத் தேடிப் போய்ச் சேரும் ஃப்ளோரிடாவில், முதியோர் குடியிருப்பில் நடக்கிறது. பாட்டியாக வரும் ஷெர்லி மெக்லெய்ன் ஓரிடத்தில்கூட மிகைப்படுத்தவில்லை. தன் அறையில் பேத்தி பணம் தேடுவதைக் கையும் களவுமாகப் பிடித்த பிறகும் அவர் கத்துவதில்லை; நீ வேலை செய்து சம்பாதிக்கும் அளவுக்கு நானும் தருகிறேன் என்று பேரம் பேசுகிறார். அந்த வேலையில் மேகி, பார்வையிழந்த ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவருக்குக் கவிதை வாசிக்க நேர்கிறது. எலிசபெத் பிஷப்பின், இழப்பதைப் பற்றிய கவிதை. ஒவ்வொரு சொல்லாகத் தடுக்கித் தடுக்கி அவள் படிக்க, அவர் அவசரப்படுத்தாமல் காத்திருந்து, முடிந்ததும் பொருள் கேட்கிறார். அவள் சொல்லும் பதிலுக்கு ஆசிரியரைப் போலவே முதல்தர மதிப்பெண் போடுகிறார். கேமரூன் டயஸை வெறும் அழகுப் பதுமை என்று நினைப்பவர்கள் அந்த ஒரு காட்சியைப் பார்க்க வேண்டும்.

குறை இல்லாமல் இல்லை. தந்தையின் இரண்டாம் மனைவியான சிற்றன்னையைக் கேலிச்சித்திரமாகவே வரைந்துவிட்டார்கள். கடிதங்களை மறைத்த தந்தையை மிக எளிதில் மன்னித்துவிடுகிறார்கள். ரோஸ் வழக்கறிஞர் வேலையை உதறிவிட்டு நாய்களை நடத்திச் செல்லும் வேலைக்குப் போவது, வீட்டுக் கடன் கட்டுகிற யாருக்கும் சற்று இனிப்பு கூடுதலாகத்தான் தெரியும்.

வீட்டாரோடு பார்ப்பதாக இருந்தால், படத்தின் தொடக்கத்தை மட்டும் தாண்டிவிடுங்கள். நிறையக் குடித்துவிட்டு மேகி செய்யும் காரியத்தோடுதான் அது ஆரம்பிக்கிறது.